குதிரையால் வந்ததல்ல, அக்கா

என் வாயாக இருந்த அக்காவுக்கு,

உன் முதலாம் ஆண்டு ஆட்டைத் திவசத்துக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. முப்பத்தோராம் நாள் உனக்குக் கல்வெட்டு அடித்தார்கள். புலவர் ஒருவரைப் பிடித்து உன் பிறப்பு, குலம், குணம் எல்லாவற்றையும் வெண்பாவில் பாடுவித்து, மஞ்சள் அட்டை போட்ட புத்தகமாக வந்தவர்களுக்குக் கொடுத்தார்கள். அதில் என்னைப் பற்றியும் ஒரு வரி இருந்தது. நான் மோனத் தவம் இருக்கும் தம்பியாம். அந்த வரியைக் கண்ட பிறகு அந்தப் புத்தகத்தை நான் கையால் தொடவில்லை.

ஆகவே இந்த முறை நானே எழுதுகிறேன். இதை அச்சடித்துத் திவசத்துக்கு வருகிற எல்லாருடைய கையிலும் கொடுப்பேன். வேண்டாம் என்று என் மகள் கமலா கெஞ்சிப் பார்த்தாள். நான் கேட்கவில்லை. இரண்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டவன்தான். சாமான் சுற்றி வந்த பத்திரிகைத் தாளைப் படித்துப் படித்தே எழுதப் பழகியவன்தான். பிழை இருந்தால் படிக்கிறவர்கள் திருத்திப் படிக்கட்டும்.

உனக்குச் சொல்ல ஒரு செய்தி வைத்திருக்கிறேன். கேட்டால் உனக்கு நிம்மதி வரும். அதைக் கேட்ட நாளில் இருந்து எனக்கு நித்திரை இல்லை.

எங்களை அறியாதவர்களும் இதைப் படிப்பார்கள். அவர்களுக்காகச் சொல்கிறேன்: நான் கொன்னையன். புத்தகங்களில் திக்குவாய் என்று எழுதுவார்கள். நெடுந்தீவில் கொன்னையன் என்றால்தான் என்னைத் தெரியும். சொல் தொடங்கும் இடத்தில் என் தொண்டை பூட்டிக்கொள்ளும். கண் இறுகும், கழுத்து நரம்பு புடைக்கும், சொல் வராது. தேவாரம் பாடினால் திக்காது. மாட்டோடு கதைத்தால் திக்காது. மனிதர் ஒருவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றால் போதும், எல்லாம் போய்விடும்.

அது எப்படி வந்தது என்பதற்கு எங்கள் வீட்டில் ஒரு கதை இருந்தது. எனக்கு நாலு வயது, உனக்கு ஒன்பது. என்னைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு அம்மா தண்ணீர் அள்ளப் போயிருந்தார். நீ ஈச்சம்பழம் பிடுங்க அடுத்த பற்றைக்குப் போய்விட்டாய். வெளியில் மேய்ந்த மட்டக்குதிரை ஒன்று, குட்டி போட்டது, என்னைத் துரத்தியது. விழுந்து வீரிட்டு அழுதேன். அன்றையில் இருந்துதான் கொன்னை என்று ஐயா சொன்னார். அம்மாவும் சொன்னார். ஊர் சொன்னது. நீயும் நம்பினாய். சாகும்வரை, ஐம்பத்தெட்டு வருடம் நம்பினாய்.

அதனால்தானே என் சொற்களை எல்லாம் நீ எடுத்துக்கொண்டாய்? கடையில் நான் "ப... ப..." என்று நின்றால் பின்னால் இருந்து "பருப்பு" என்பாய். கோயிலில், அரசாங்கக் கச்சேரியில், என் மனைவி இறந்தபோது துக்கம் கேட்க வந்தவர்களிடம், எங்கேயும் நான் தொடங்க நீ முடித்தாய். சில வேளை நான் கேட்க நினைத்தது பருப்பு அல்ல, பனங்கட்டி. ஆனாலும் பருப்பையே வாங்கிக்கொண்டு வந்தேன். இல்லை என்று சொல்வதற்கு மறுபடியும் வாய் திறக்க வேண்டுமே.

எனக்கு ஏழு வயதானபோது ஐயா என்னைத் தோணியில் ஏற்றி அக்கரைக்குக் கூட்டிக்கொண்டு போனார். நாக்கின் அடியில் உள்ள சவ்வுதான் நாக்கைக் கட்டிப் பிடிக்கிறது, அதை வெட்டிவிட்டால் பேச்சு அவிழ்ந்துவிடும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். நீயும் வந்தாய். என் தலையை மடியில் வைத்து இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தது நீதான். சவரக் கத்தி. உப்புத் தண்ணீர். திரும்பி வரும்போது தோணியில் வைத்து ஐயா, "இனிச் சொல்லு பாப்பம், அம்மா எண்டு" என்றார்.

"அ... அ... அம்மா" என்றேன். வாயில் இருந்து இரத்தமும் வந்தது. ஐயா கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். நீ அழுதாய்.

அந்தப் பிடியை நான் மன்னிக்கவில்லை. இப்போதும் மன்னிக்கவில்லை. பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு என்ன தெரியும் என்று நீ கேட்பாய். ஏழு வயதுப் பிள்ளைக்கு என்ன தெரிந்ததோ அது உனக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

இரண்டாவது மனத்தாங்கல், கமலாவின் கல்யாணம். பாண் ரொட்டிக்கு விடியமுன் வரிசையில் நின்ற காலம் அது. நாரந்தனையில் இருந்து ஆசிரியர் மாப்பிள்ளை. சம்பந்தி அம்மா நேரில் வந்து குடும்பத்தில் ஏதும் குறை உண்டோ, பைத்தியம் உண்டோ, ஊமை உண்டோ என்று வழமைப்படி விசாரித்தார். நான் உள் அறையில் இருந்தேன். தாயில்லாத கமலாவை வளர்த்தவள் நீ, அவளுக்காக நீ பேசினாய். "தம்பி மட்டும் ஒருத்தரோடையும் கதைக்கமாட்டான். பெஞ்சாதி போன நாளிலை இருந்து மௌன விரதம்" என்றாய். கூசாமல் சொன்னாய்.

சம்பந்தி அம்மா எழுந்து நின்று கும்பிட்டார். "அப்பிடிப்பட்டவரோடை சம்பந்தம் வைக்க நாங்கள் எல்லோ குடுத்து வைச்சிருக்கோணும்!"

அன்று மாட்டுப் பட்டியில் வைத்து உன்னைக் கேட்டேன். கோபத்தில் ஒவ்வொரு சொல்லும் கல்லாய் நின்றது. "எ... எல்லாம் உன்னாலைதானே. கு... குதிரைக்கு என்னை விட்டிட்டுப் போனனீ!" வாழ்நாளில் ஒரே ஒரு தரம்தான் அதைச் சொன்னேன். நீ என்னைப் பார்த்தாய். "ஓமடா. அதுக்குத்தானே இவ்வளவும் செய்யிறன்" என்று சொல்லிவிட்டுக் குசினிக்குள் போய்விட்டாய். அதற்குப் பிறகு நாங்கள் இருவரும் அந்தக் கதையை எடுக்கவில்லை.

மருமகன் எங்கள் வீட்டுக்கே குடிவந்தார். என் வீட்டில் நான் வாய் திறக்காத ஆறு வருடம் அப்படித் தொடங்கியது. சம்பந்தி அம்மா வரும்போதெல்லாம் என் கையால் திருநீறு வாங்குவார். ஒரு முறை, சினைப்படாத பசு வைத்திருந்த நாரந்தனைக்காரர் ஒருவரையும் கூட்டிவந்தார். திருநீறு கொடுத்தேன். பசு சினைப்பட்டது. என் பெயர் அங்கே பெரிதாகிவிட்டது. அவர் வாங்கிக்கொண்டு போனது என் திருநீறு மட்டுமல்ல, என் இளங்காளையும்தான் என்பதை ஒருவரும் நினைக்கவில்லை.

நீயும் நானும் தனியே இருக்கும்போது மட்டும் நான் மனிதனாகக் கதைத்தேன். நீ போன பிறகு அதுவும் இல்லை.

பேத்தி சுகந்தி பிறந்தபோது நீ என்ன சொன்னாய், நினைவிருக்கிறதா? "பிள்ளைக்கு முன்னாலை வாய் திறவாதை, ஒட்டிக்கொள்ளும்." அதை நீ சொல்லவே தேவையில்லை. பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் இருந்த பிள்ளைகளைத் தாய்மார் வந்து தள்ளி இருத்தினார்களே, அதை நான் மறப்பேனா? பேத்தியின் பெயரைக்கூட நான் வாயால் சொன்னதில்லை. மூன்று வருடம். அவள் என் மடியில் ஏறி மீசையைப் பிடித்து இழுத்தாலும் சிரிப்பேன், அவ்வளவுதான்.

நீ இறந்து இரண்டு மாதம் இருக்கும். பால் கறந்துகொண்டிருந்தேன். சுகந்தி பட்டிக்குள் வந்தாள். "அ... அ... அப்பு, க... க... கண்டு எங்கை?" என்று கேட்டாள். கன்றைத்தான் கேட்டாள். அவளுடைய கண் இறுகியது. கழுத்து நரம்பு புடைத்தது.

நான் மாட்டுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டேன், அக்கா. அறுபத்திரண்டு வயதுக் கிழவன், மூன்று வயதுப் பிள்ளைக்குப் பயந்து ஒளித்தேன்.

யாரிடம் இருந்து ஒட்டியது? என் குரலை அவள் கேட்டிருந்தால் நான் மாட்டோடு கதைக்கும்போதுதான் கேட்டிருப்பாள். மாட்டோடு நான் திக்குவதில்லையே. அவளை ஒரு குதிரையும் துரத்தவில்லை. ஒருவரும் அடிக்கவில்லை. செத்த வீட்டில் பயந்துபோனாள் என்றார்கள். உன் செத்த வீட்டில் அவள் பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு கொட்டகைக்குள் ஓடி விளையாடியதை நான் பார்த்தேன்.

வாசிகசாலைக்குப் போய்க் கிடந்த பழைய சஞ்சிகைகளை எல்லாம் புரட்டினேன். ஒன்றில் பரம்பரை பற்றி ஒரு கட்டுரை இருந்தது. மடத்துத் தோட்டத்தில் பட்டாணி நட்டு, பூ நிறம் ஒரு தலைமுறையில் மறைந்து அடுத்த தலைமுறையில் வெளிப்படுவதைக் கண்ட ஒரு துறவியைப் பற்றி எழுதியிருந்தார்கள். நான் அந்தக் கட்டுரையோடு சண்டை பிடித்தேன். பட்டாணிக்கு நாக்கு உண்டோ என்று கேட்டேன்.

பிறகு என் பட்டியைப் பார்த்தேன். நெற்றியில் வெள்ளைச் சுட்டி விழுந்த காளை ஒன்று முன்பு நின்றதே. அதன் கன்றுகள் ஒன்றுக்கும் சுட்டி இல்லை. கன்றுகளின் கன்றுகளில் இரண்டுக்கு இருந்தது. நாற்பது வருடமாக இதைப் பார்த்துத்தான் நான் காளை தெரிந்தெடுக்கிறேன். எந்த மாட்டையும் பார்த்து, இது குதிரை துரத்தி வந்த சுட்டி என்று நான் சொன்னதில்லை. மாட்டில் தெரிந்தது மனிதரில் ஏன் தெரியவில்லை?

அப்போதுதான் சித்தப்பாவின் நினைவு வந்தது. ஐயாவின் தம்பி. கதைக்க முன்னம் தொடையில் ஒரு தட்டுத் தட்டுவாரே. அது அவருடைய எடுப்பு என்று நினைத்து நீயும் நானும் தட்டித் தட்டிப் பகிடி பண்ணினோமே. அவர் அந்தத் தட்டில் சொல்லைத் தள்ளிவிட்டிருக்கிறார், அக்கா. அவரை எந்தக் குதிரை துரத்தியது?

இதெல்லாம் என் தலைக்குள் மட்டும்தான் இருந்தது. வெளியில் சொல்லப் பயம். இந்த மாதத் தொடக்கத்தில் சம்பந்தி அம்மா வந்து, "சுருவில் பக்கம் ஒருத்தர் இருக்கிறார், நல்ல கைராசி. நாக்குக்குக் கீழை சின்னனா ஒரு வெட்டு, அவ்வளவுதான்" என்றார். நாளும் பார்த்துவிட்டார். வெற்றிலை, பாக்கு, வெட்டுகிறவருக்குப் புது வேட்டி எல்லாம் ஒரு பையில் கட்டியாயிற்று. மருமகன் மட்டும், முதலில் பட்டணத்தில் ஒரு வைத்தியரிடம் காட்டிவிட்டுப் போவோம் என்று பிடிவாதமாக நின்றார். நானும் லோஞ்சுப் படகில் ஏறினேன். சுகந்தி என் மடியில் இருந்து கடற்காகத்தை எண்ணினாள். என் நாக்கின் அடியில் பழைய இடம் வலித்தது. ஐம்பத்தாறு வருடத்துக்குப் பிறகு வலித்தது.

வைத்தியர் இளம் பெண். பிள்ளையை வாய் திறக்கச் சொல்லி லைட் அடித்துப் பார்த்தார்.

"நாக்கிலை ஒரு பிழையும் தெரியேல்லை. குடும்பத்திலை ஆருக்கும் இப்பிடி இருக்கோ?"

"இல்லை டொக்டர்" என்றாள் கமலா.

"தகப்பன்ரை பக்கம்?"

"இல்லை" என்றார் மருமகன். சுவரில் இருந்த கலண்டரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

சம்பந்தி அம்மா முந்திக்கொண்டார். "ரெண்டு பக்கத்திலும் இல்லைப் பிள்ளை. இதைச் சும்மா ஒரு வெட்டு வெட்டிவிட்டால் சரியாப் போமெல்லோ?"

"மூலையிலை நிக்கிற ஐயா ஆர்?"

"அவர் எங்கடை சம்பந்தி. மௌன விரதம்."

நான் உன்னைத் தேடினேன், அக்கா. பின்னால் நின்று முடித்துவிட ஒருவரும் இல்லை. "எ... எ... எ..." என்று எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. கமலா கையால் முகத்தை மூடிக்கொண்டாள். வைத்தியர் மட்டும் பார்வையை எடுக்காமல் காத்துக்கொண்டிருந்தார்.

"எனக்கிருக்கு. நா... நாலு வயசிலை இருந்து."

"ஐயோ, விரதம் முறிஞ்சு போச்சே!" என்று சம்பந்தி அம்மா தலையில் கை வைத்தார்.

நான் வைத்தியருக்கு முன்னால் போய் வாயைத் திறந்து நாக்கைத் தூக்கிக் காட்டினேன். அவர் லைட்டை அடித்தார். "இது ஆர் வெட்டினது?" என்றார்.

"அ... அம்பத்தாறு வருசம். இ... இப்ப எல்லாரும் கேளுங்கோ. வெ... வெட்டின நாக்கு எ... எப்பிடிக் கதைக்குதெண்டு."

அதற்குப் பிறகு அந்த அறையில் சுருவிலைப் பற்றி ஒருவரும் கதைக்கவில்லை.

வைத்தியர் என்னைக் கதிரையில் இருத்திக் கேட்டார். சித்தப்பாவைப் பற்றிச் சொன்னேன். திக்கித் திக்கிச் சொன்னேன், அவர் எழுதிக்கொண்டார். இது குடும்பங்களில் வழிவழியாக வருவது உண்டு என்றார். எல்லாருக்கும் வரும் என்று இல்லை. சிலரில் மறைந்து பிள்ளைகளில் வெளிப்படும். இரத்தத்தில் எது இதைக் கடத்துகிறது என்று இன்னும் ஒருவராலும் சொல்ல ஏலாது. நாக்கு ஒரு பாவமும் செய்யவில்லை. ஒட்டுகிற நோயும் அல்ல.

எனக்கு ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. "கு... குதிரை பயமுறுத்தினால் வ... வருமோ?"

அவர் சிரித்தார். "ஐயா, நெடுந்தீவுக் குதிரை எத்தினை பிள்ளையளைத் துரத்தியிருக்கும்? எல்லாரும் கொன்னையோ?"

இதுதான் நான் சொல்ல வந்த செய்தி. அது குதிரையால் வந்ததல்ல, அக்கா. நீ ஈச்சம்பழம் பிடுங்கப் போனதால் வந்ததல்ல. நீ என் பக்கத்தில் ஒரு அடி விலகாமல் நின்றிருந்தாலும் எனக்கு இது வந்திருக்கும். பட்டியில் வைத்து நான் சொன்ன அந்த ஒரு சொல்லை மீளப் பெற்றுக்கொள்கிறேன். ஒரு வருடம் முந்தி இது தெரிந்திருந்தால் உன் கையைப் பிடித்துச் சொல்லியிருப்பேனே. ஏன் நான் இவ்வளவு பிந்தினேன்?

மற்ற இரண்டையும் மீளப் பெறமாட்டேன். நீ பிடித்த பிடியும் நீ சொன்ன பொய்யும் அப்படியே இருக்கட்டும்.

அந்தப் பொய்யின் கதியையும் கேள். திரும்பி வரும்போது லோஞ்சில் மருமகன் என் பக்கத்தில் வந்து இருந்தார். "மாமா, எனக்கு வந்த கிழமையே தெரியும். கடைக்காரர் 'கொன்னையற்றை மருமோனோ' எண்டுதான் என்னைக் கேட்டவர்" என்றார்.

"பி... பிறகேன் சொல்லேல்லை?"

"உங்கடை அக்கா சொன்னதை நான் எப்பிடி உடைக்கிறது? நீங்களும் அந்தளவு கவனமா இருந்தியள். மரியாதைக்கு நானும் பேசாமல் இருந்தனான்."

ஆறு வருடம், அக்கா! அவர் என் மரியாதைக்காக, நான் அவர் மரியாதைக்காக. ஒரே வளவுக்குள் இருந்துகொண்டு! அவரோடும் எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை. ஆனால் வைத்தியரிடம் முதலில் போகவேண்டும் என்று நின்றவர் அவர். அதனால் கொஞ்சம் விட்டுக்கொடுக்கிறேன்.

இப்போது என் பயத்தைச் சொல்கிறேன். உன்னைத் தவிர யாரிடம் சொல்ல?

குதிரை என்றால் வாசல் படலையைச் சாத்தலாம். இரத்தத்துக்கு எந்தப் படலையைச் சாத்துவது? சிறு பிள்ளைகளில் பலருக்கு இது தானாகவே விட்டுவிடும் என்று வைத்தியர் சொன்னார். சிலருக்கு விடாது. சுகந்திக்குத் தொடங்கிப் பத்து மாதமாகிறது. விடியக்காலையில் அவள் முதல் சொல்லைக் கேட்கும் வரை என் நெஞ்சு அடித்துக்கொண்டிருக்கும். ஒரு நாள் தெளிவாகக் கதைப்பாள். போய்விட்டது என்று நினைப்பேன். மறுநாள் "ப... ப..." என்று நிற்பாள். உன்னிடம் இருந்த கவலை இப்போது என் மடியில் இருக்கிறது. இதை அவளுக்குக் கொடுத்தது நான் அல்லவா?

இன்னும் ஒன்று. கமலாவுக்கு ஏழாம் மாதம். பெண்களை விட ஆண் பிள்ளைகளில்தான் இது அதிகம் தங்கும் என்று வைத்தியர் சொன்னதில் இருந்து அவள் வயிற்றைத் தடவிக்கொண்டு இருக்கிறாள். என் முகத்தைப் பார்ப்பதில்லை. கோபமா, பயமா? நான் கேட்கவில்லை. எனக்கும் அவள் முகத்தைப் பார்க்க ஏலாமல் இருக்கிறது. சம்பந்தி அம்மா இப்போது என்னிடம் திருநீறு வாங்குவதில்லை. "இவ்வளவு நாளும் என்னைக் கும்பிட வைச்சிட்டியளே!" என்றார். அதற்கு நான் என்ன செய்ய? கும்பிடச் சொன்னது நீ.

லோஞ்சால் இறங்கிய மறுநாள் சுகந்தியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். "சு... சு... சுகந்தி." அவள் சோற்றுக் கையோடு என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அப்பு, நீங்கள் க... க... கதைப்பியளோ?"

"ஓ... ஓம்."

"என்னை மாதிரி!" என்று சிரித்துக்கொண்டு ஓடிப்போய்த் தாயிடம் சொன்னாள். அவளுக்கு அது பெரிய சந்தோசம்.

பிள்ளை திக்கும்போது ஏசக்கூடாது, அவசரப்படுத்தக் கூடாது, முக்கியமாக அவளுடைய சொல்லை மற்றவர்கள் முடிக்கக் கூடாது என்று வைத்தியர் சொல்லிவிட்டார். அதைக் கேட்டபோது எனக்கு உன்மேல் கோபம் வந்தது. பிறகு அழுகை வந்தது. நீ முடித்திராவிட்டால் அந்தக் கடையில் நான் இன்னமும் நின்றுகொண்டிருப்பேன் என்றும் தோன்றியது. இரண்டில் எது சரி என்று எனக்குத் தெரியவில்லை.

நான் யாருக்கும் எளிதில் வாக்குக் கொடுக்கிறவன் அல்ல. உனக்குக் கொடுக்கிறேன். பிறக்கப் போகிற பிள்ளையிடம் இருந்து நான் ஒளிக்கமாட்டேன். பிள்ளைப்பேற்றுத் துடக்குக் கழிந்த அன்றே தூக்கி வைத்து, இந்தக் கொன்னைக் குரலால் பெயர் சொல்லுவேன், எவ்வளவு நேரம் எடுத்தாலும் சொல்லி முடிப்பேன். சுகந்தி ஒரு சொல்லோடு மல்லுக்கட்டும்போது என் வாயை நான் கடித்துக்கொண்டு காத்திருப்பேன். நான் உயிரோடு இருக்கும்வரை எங்கள் பிள்ளைகளின் நாக்குக்கு ஒரு கத்தி வராது. பயம் போகவில்லை, அக்கா. போகும்வரை காத்திருக்க எனக்கு வயதும் இல்லை. பயந்து பயந்தே கதைக்கிறேன்.

இனித் தன் சொல்லைத் தானே முடிக்கப் பழகும்,
உன் தம்பி